கட்டியவர் போய்விட்டார், அவிழ்ப்பது யார்?

டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்தக் கை, காலில் இறுக்கிக் கட்டும் பட்டை) போடக் கற்றுக்கொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கான்ஸ்டபிளோ, தீயணைப்பு வீரரோ, பி.டி. வாத்தியாரோ, யாராக இருந்தாலும் அரைநாளில் கைவந்துவிடும். காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்ற வேண்டும், தளர்வில்லாமல் இழுத்து ஒட்ட வேண்டும், பட்டையிலுள்ள குச்சியைத் திருக வேண்டும், ரத்தம் நின்றதும் குச்சியைக் கொக்கியில் மாட்ட வேண்டும், நேரத்தை எழுத வேண்டும். ஒரு நிமிடத்துக்குள், ஒற்றைக் கையால், தன் உடம்பிலேயே இதைச் செய்துகாட்டுவதுதான் தேர்வு. அந்தப் பட்டையை யார், எப்போது, எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் அரைநாள் போதாது. ரத்த ஓட்டம், சிறுநீரகம், ஈசிஜி, வலி மருந்து, அறுவை சிகிச்சை அரங்கு எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்ற கணக்கு எல்லாம் அந்த ஒரு முடிவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதாவது, அங்கே மருத்துவர் தேவைப்படுகிறார்.

அவசர சிகிச்சை மருத்துவர்களைப் போர்க்களத்துக்கும், அதிரடிப் படையோடு போவதற்கும், இடிபாட்டு மீட்புக்கும் தயார்படுத்தும் பயிற்சிகளில் எனக்கு நெடுநாளாகத் தீராத உறுத்தல் இதுதான். தலைக்கவசம் மாட்டி, புகைக்குண்டு போட்டு, இருட்டில் தவழவிட்டு, இருபது தடவை டூர்னிகே கட்டச் சொல்லிவிட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். கான்ஸ்டபிளுக்குச் சொல்லித்தர வேண்டியதையே எட்டு வருடம், பத்து வருடம் படித்தவருக்கும் சொல்லித்தருகிறோம். அவிழ்ப்பது கடைசி ஸ்லைடில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது: “2 மணி நேரத்துக்குள் மாற்றுக.” (பட்டையை எடுத்துவிட்டு வேறு கட்டுக்கு மாறுவதைத்தான் அது சொல்கிறது.) எப்படி மாற்றுவது, யாருக்கு மாற்றக் கூடாது, மாற்றும்போது என்ன கெட்டுப்போகும் என்று கேட்க ஆரம்பிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

கட்டும் பயிற்சி வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர்களும் அதில் சறுக்குகிறார்கள். குச்சியைத் திருகுவதற்கு முன் பட்டையில் தளர்வை விட்டுவிடுவதுதான் முதல் தவறு. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே மூன்று விரல் நுழையாத அளவுக்கு முதலிலேயே இழுத்திருக்க வேண்டும். தளர்வை விட்டுவிட்டுக் குச்சியால் ஈடுகட்டப் பார்த்தால் நாலு சுற்று, ஐந்து சுற்று திருக வேண்டிவரும், துணி கசங்கும், போலிச் சரக்காக இருந்தால் குச்சியே முறியும். பாதி இறுக்கிய டூர்னிகே, போடாததைவிட மோசம். சிரை அடைபடும், தமனி அடைபடாது, உள்ளே போகிற ரத்தம் திரும்ப வழியில்லாமல் காயம் வழியே கூடுதலாகக் கொட்டும். அதனால்தான் ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கீழே நாடித்துடிப்பும் நின்றுவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னொன்றை அதன் பக்கத்திலேயே, கொஞ்சம் மேலே போட வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டுகளின் மேல் போடக் கூடாது. கால்சட்டைப் பையில் செல்போன் இருக்கும்போது அதன் மேலேயும் கூடாது. இவ்வளவும் முக்கியம்தான், ஆனால் இது மருத்துவரின் வேலையில் ஆரம்பம் மட்டுமே.

1996இலிருந்து 2024 வரை

இந்தத் துறையின் வேதம் போலக் கருதப்படும் கட்டுரை 1996 ஆகஸ்டில் ‘மிலிட்டரி மெடிசின்’ இதழின் இணைப்பில் வந்தது. எழுதியவர்களில் முதலாமவர் ஃபிராங்க் பட்லர். அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ அதிரடிப் படையில் இருந்து, பிறகு மருத்துவம் படித்து, கண் மருத்துவர் ஆனவர். விபத்துச் சிகிச்சையின் வரலாற்றைத் திருப்பியவர் கண் மருத்துவர் என்பது எனக்கு இன்றும் ஒரு சின்ன சந்தோஷம். நகரத்து ஆம்புலன்ஸுக்காக எழுதிய விதிகளைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கடைப்பிடிக்க முடியாது என்பது அந்தக் கட்டுரையின் மையம். சுடப்படும்போது செய்வது, சூடு ஓய்ந்தபின் செய்வது, ஏற்றிச் செல்லும்போது செய்வது என்று சிகிச்சையை மூன்றாகப் பிரித்தது. முதல் கட்டத்தில் மருத்துவம் என்று செய்யத்தக்கது ஏறக்குறைய ஒன்றே ஒன்று: கை, காலிலிருந்து கொட்டும் ரத்தத்தை டூர்னிகே போட்டு நிறுத்துவது. கழுத்தெலும்புப் பட்டை, மூச்சுக்குழாய், சலைன் எல்லாம் அப்புறம்.

அதுவரை டூர்னிகேவுக்குக் கெட்ட பெயர். போட்டால் கால் போய்விடும் என்று எல்லா முதலுதவிப் புத்தகங்களும் பயமுறுத்தின. வியட்நாம் போரில் கை, கால் காயத்திலிருந்து ரத்தம் வடிந்தே 2,500க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள் என்ற கணக்கு பிற்பாடு அந்த பயத்தை அசைத்தது. பாக்தாதிலிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 2006இல் மருத்துவர் ஜான் கிராகும் சகாக்களும் சேர்த்த தரவுகள் அதை முழுதாக உடைத்தன. அதிர்ச்சி நிலைக்கு (ரத்தம் இழந்து ரத்த ஓட்டமே சரிந்துபோகும் நிலை) போவதற்கு முன்பே டூர்னிகே போடப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், போன பின்பு போடப்பட்டவர்களில் 10 சதவீதம். டூர்னிகே போட்ட ஒரே காரணத்துக்காகக் கை, கால் இழந்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு சிப்பாயின் கையெட்டும் பையிலும் ஒன்று ஏறியது. 2015இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கே சொல்லித்தர ஓர் இயக்கம் ஆரம்பமானது.

இந்தப் பெருமிதத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு நிபந்தனையைப் பலரும் கவனிக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவரை 60 நிமிடத்துக்குள் ஹெலிகாப்டரில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் உத்தரவிட்டார். சராசரியாக 90 நிமிடம் எடுத்த பயணம் 43 நிமிடமாகச் சுருங்கியது. வானம் முழுக்கத் தன் பக்கம் இருந்த ஒரு ராணுவத்துக்கு மட்டுமே சாத்தியப்பட்ட வேகம் அது. அந்த 43 நிமிடத்துக்குள் தேவையில்லாத காலில் டூர்னிகே போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகாது. அறுவை மேசையில் எடுத்துவிடுவார்கள். ‘சந்தேகமா, போட்டுவிடு’ என்ற பாடம் அந்தச் சூழலில் சரியாகவே இருந்தது. தவறு செய்தவருக்கும் தண்டனை கிடையாது என்பதால், அது தவறு என்றே யாருக்கும் தெரியவில்லை.

உக்ரைன் போர் அந்த நிபந்தனையை உருவிவிட்டது. ஹெலிகாப்டர் பறக்க முடியாது. ட்ரோன் கண்ணுக்குத் தப்பி ஆம்புலன்ஸ் நகர முடியாது. இருட்டும் வரை பதுங்குகுழியிலேயே கிடக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்பது ஆறு, பத்து, சில நேரங்களில் ஒரு நாளைக்கும் மேல் ஆனது. தொடையின் உச்சியில், கால்சட்டைக்கு மேலேயே, இறுக்கிக் கட்டிய பட்டை அத்தனை நேரமும் அப்படியே இருந்தது. கட்டியவருக்குக் கட்ட மட்டும்தான் தெரியும். “எக்காரணம் கொண்டும் நீ அவிழ்க்காதே, மருத்துவர் பார்த்துக்கொள்வார்” என்பதே அவருக்குச் சொல்லித்தந்த பாடம். காப்பாற்றியிருக்கக்கூடிய கால்கள் போயின, சிறுநீரகங்கள் நின்றன.

2024இல் ஒரு கட்டுரை வந்தது. யாருக்கு டூர்னிகே தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதே அதன் தலைப்பு. டூர்னிகே உயிர்காக்கும் கருவி, அதைக் கைவிடக் கூடாது என்று முதலில் உறுதியாகச் சொல்கிறது. பிறகு, காயம்பட்டவரைக் கொண்டுபோவது தாமதமாகும் இடத்தில் தேவையில்லாமல் போட்ட டூர்னிகே, தவிர்த்திருக்கக்கூடிய ஊனத்தையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவருகிறது என்று எச்சரிக்கிறது. முதல் பெயர்: ஃபிராங்க் பட்லர். டூர்னிகேவைத் திரும்பக் கொண்டுவந்தவரே 28 வருடம் கழித்து வந்து, நாம் பாதிப் பாடத்தைத்தான் நடத்தினோம் என்கிறார். இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காத எந்தப் பயிற்றுநரும் மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

பட்டைக்குக் கீழே

உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் பெரும்பகுதி தசைச் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தம் வராத தசை முதல் இரண்டு மணி நேரம் வரை பெரிய சேதமின்றித் தாங்கும். எலும்பு அறுவை சிகிச்சையில் இரண்டு மணி நேரத்தை எல்லையாக வைத்திருப்பது அதனால்தான். அதற்குப் பிறகு செல்களின் சுவர் ஒழுக ஆரம்பிக்கும். ஆறு மணி நேரத்தை ஒட்டித் தசை மீளமுடியாமல் சாகத் தொடங்கும். பொட்டாசியம், அமிலம், மயோகுளோபின் (தசையிலுள்ள ஒரு புரதம்) எல்லாம் பட்டைக்குக் கீழே தேங்கி நிற்கும். பட்டை இருக்கும் வரை ஆள் தெளிவாகப் பேசுவார். அவிழ்த்ததும் அந்தத் தேக்கம் மொத்தமும் இதயத்துக்குப் போகும். ஈசிஜியில் டி அலை கூடாரம் போல நிமிரும், பி அலை மறையும், கியூஆர்எஸ் அகலும், பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக உருளும். அதற்கடுத்து நேர்கோடு. இதயத்தைத் தாண்டிப் பிழைத்தால் மயோகுளோபின் சிறுநீரகக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் வந்தால் அதுதான்.

ஆகவே மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது நேரம். கட்டி 2 மணி நேரத்துக்குள் என்றால் எடுக்க முயல வேண்டும். 2 முதல் 6 வரை, எடுக்கலாம், ஆனால் ஏற்பாட்டோடு. 6ஐத் தாண்டிவிட்டால் ஈசிஜி மானிட்டரும் ரத்தப் பரிசோதனையும் இல்லாத இடத்தில் தொடவே கூடாது. கால் மரக்கட்டை போல விறைத்து, அசைவும் உணர்ச்சியும் இல்லாமல் கிடந்தால் அது இறந்த கால். அப்போது பட்டையை அவிழ்க்காமலேயே அதற்கு மேலே வெட்டி எடுப்பதுதான் உயிரைக் காக்கும். நேரம் எழுதப்படவில்லை என்றால்? களத்தில் பாதிப் பேருக்கு மேல் எழுத மறந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது. கூட வந்தவரிடம் “எப்போ கட்டினீங்க?” என்று கேட்டால் “இப்பதான் டாக்டர், கொஞ்ச நேரம்” என்பார். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பக் கூடாது. குண்டு எப்போது வெடித்தது, வண்டி எப்போது மோதியது என்று கேட்டால் சரியான நேரம் கிடைக்கும்.

எடுக்கக் கூடாதவர்கள் மூன்று பேர்: அதிர்ச்சி நிலையில் இருப்பவர், காயத்தைத் தொடர்ந்து கண்காணிக்க முடியாத சூழலில் இருப்பவர், கை அல்லது கால் துண்டாகிப் போனவர். மற்றவர்களிடம் முயலலாம். உடையைக் கத்தரித்துக் காயத்தை முழுதாகத் திறக்க வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஊறிய துணியை (கயோலின் ஊறியது பரவலாகக் கிடைக்கிறது) ரத்தம் வரும் இடத்தைத் தேடி, விரலால் எலும்பு வரை தள்ளித் திணிக்க வேண்டும். மேலாகப் பஞ்சு வைப்பது போல வைத்தால் பயனில்லை. ஒரு கை திணிக்கும்போது இன்னொரு கை அழுத்தத்தை விடக் கூடாது. குழி நிரம்பியதும் உடம்பு எடையை இறக்கி 3 நிமிடம், கடிகாரம் பார்த்து, எட்டிப் பார்க்காமல் அழுத்த வேண்டும். அதன்மேல் அழுத்தக் கட்டு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் குச்சியில் கைவைக்க வேண்டும். மெதுவாக, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு தளர்த்திக்கொண்டே காயத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் வந்தால் திரும்ப இறுக்கி, நேரத்தை எழுதி, மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிட வேண்டும். வரவில்லை என்றாலும் பட்டையைக் கழற்றி எறியக் கூடாது. தளர்ந்த நிலையில் அங்கேயே கிடக்கட்டும். ரத்தம் ஏற்றி, அழுத்தம் 80இலிருந்து 110க்கு ஏறும்போது உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு வரும். அப்போது தேட நேரம் இருக்காது.

சண்டைக்கு நடுவே துணிக்கு மேல், உச்சியில் போட்டதை எடுக்க முடியாவிட்டால் இடம் மாற்றவாவது வேண்டும். புதியதை வெறும் தோலின் மேல், காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே போட்டு இறுக்கி, அதன்பின் பழையதைத் தளர்த்தினால், பட்டைக்குக் கீழே சாகிற சதையின் அளவாவது குறையும். போவது தொடை முழுக்கவா, முழங்காலுக்குக் கீழே மட்டுமா என்பது அந்த ஆளின் மீதி வாழ்க்கை.

பழைய முதலுதவிப் புத்தகங்களில் கால் மணிக்கு ஒரு தரம் தளர்த்தி ‘காலுக்குக் கொஞ்சம் ரத்தம் விடுங்கள்’ என்று இருக்கும். இன்னும் சில பெரியவர்கள் இதைச் சொல்லித்தருகிறார்கள். ஒவ்வொரு தளர்த்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய்த்தான் ஆள் செத்திருக்கிறார்கள். எடுப்பது என்பது ஒரு முறை, முழு ஏற்பாட்டோடு எடுக்கிற முடிவு. விட்டு விட்டுத் தளர்த்துவது அதற்கு நேர் எதிரான விஷயம்.

வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சரியாக இறுக்கிய டூர்னிகே அரைமணிக்குள் தாங்க முடியாத வலி கொடுக்கும், காயத்தைவிட அதிகமாக. “தளர்த்துங்க, தளர்த்துங்க” என்று கத்துவார். இளம் மருத்துவர் கை தானாகக் குச்சிக்குப் போகும். போக வேண்டியது கெட்டமின் என்ற வலி மருந்து ஊசிக்கு. சிரை வழியாக மெதுவாக 20 முதல் 30 மி.கி., அல்லது தசையில் 50 முதல் 100 மி.கி. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரிதாகக் கெடுக்காது என்பதால்தான் களத்தில் மார்ஃபினை அது ஓரங்கட்டியது.

இடிபாட்டில் அதே கணக்கு

மீட்பு மருத்துவம் தனிப் பாடமாக நடத்தப்படுகிறது. எனக்கோ அது இதே பாடத்தின் மறுபக்கமாகவே படுகிறது. தொடைமேல் விழுந்த கான்கிரீட் உத்தரம் ஒரு பெரிய டூர்னிகே, அவ்வளவுதான். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் எழுதியபோது மருத்துவ உலகம் அதைப் புரிந்துகொண்டது. மீட்டபோது நன்றாக இருந்தவர்கள் கால் வீங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, கருஞ்சிவப்பாய்ச் சிறுநீர் கழித்தார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது. 1999 ஆகஸ்ட் 17 துருக்கி மர்மரா நிலநடுக்கத்தில் 639 பேருக்கு இப்படிச் சிறுநீரகம் பாதித்தது. 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

இங்கே மருத்துவரின் வேலை, தூக்குவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். தெரிகிற ஒரே கையில் ஊசி ஏற்றி, நார்மல் சலைன் மணிக்கு 1 லிட்டர். ரிங்கர் லாக்டேட் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிரை கிடைக்காவிட்டால் தோள் எலும்பில் துளையிட்டு ஏற்ற வேண்டும். குறுகிய பொந்தில் கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, குப்புறப் படுத்தபடி இதைச் செய்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு போடுகிற ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹைட்ராலிக் விரிப்பானோ காற்றுப் பையோ உத்தரத்துக்கு அடியில் வைத்துக் காத்திருக்கும் மீட்பு வீரரிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்: “நான் சரின்னு சொன்னப்புறம் தூக்குங்க.” சலைன் ஏற்ற வழியே இல்லை, சிக்கி 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், தூக்குவதற்கு முன்பே டூர்னிகே போட்டுக்கொள்ளலாம். எமனை வாசலில் நிறுத்திவைப்பது போல. பிறகு, வசதியுள்ள இடத்தில், மானிட்டர் முன்னால் அதை அவிழ்க்க வேண்டும்.

பயிற்சியில் மருத்துவர்கள் திணறும் இடம் இன்னொன்று உண்டு. ரத்தம் போகிறவருக்குச் சலைனைக் கட்டுப்படுத்த வேண்டும், ஏற்றினால் ரத்தம் நீர்த்து, உறையாமல் இன்னும் கொட்டும். நசுங்கியவருக்குத் தாராளமாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் நிற்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருந்தால்? வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, காலில் தூண். இதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. ரத்தம் இருந்தால் ரத்தம் ஏற்றலாம், சிறுநீர் மணிக்கு 100 முதல் 200 மி.லி. வருகிறதா என்று பார்க்கலாம், வெளியே கொண்டுபோகும் நேரத்தைக் குறைக்கலாம். இந்த முரணை மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் சண்டைபோடவிட்டால், புகைக்குண்டு கற்றுத்தராததைக் கற்றுக்கொள்வார்கள்.

இடிபாட்டில் விசில் ஒலிகளும் பாடம்தான். மூன்று குறுகிய ஒலிகள் கேட்டால் வெளியே ஓட வேண்டும், ஒரு நீண்ட ஒலி கேட்டால் எல்லாரும் நிறுத்தி அமைதியாக இருக்க வேண்டும், ஒரு நீண்டதும் ஒரு குறுகியதும் கேட்டால் வேலையைத் தொடரலாம். உலகம் முழுக்க இதே குறிகள். ஊசி பாதி ஏறியிருக்கும்போது மூன்று ஒலி கேட்டால் ஊசியை விட்டுவிட்டு ஓட வேண்டும். மருத்துவர்கள் இதற்குத்தான் ரொம்பவும் முரண்டுபிடிப்பார்கள். நோயாளியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பார்கள். தூண் மேலே விழுந்தபின் நோயாளிகள் இரண்டு பேர் என்பதுதான் பதில்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து பல நாட்கள் தோண்டியது, 27 பேர் உயிரோடு வந்தார்கள். 2023 பிப்ரவரி துருக்கி நிலநடுக்கத்துக்கு இந்திய ராணுவத்தின் 60 பாரா ஃபீல்டு ஹாஸ்பிட்டல் 99 பேரோடு போய், இஸ்கெண்டெருனில் 30 படுக்கை மருத்துவமனை போட்டது. இங்கே அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அனுபவம் ராணுவ மருத்துவமனைச் சுவரைத் தாண்டி, அரசு மருத்துவக் கல்லூரி கேஷுவாலிட்டியில் நிற்கும் முதுநிலை மாணவரிடம் வர வேண்டும். அதற்கான வழி குறுகலாகவே இருக்கிறது.

கயிற்றோடு வருகிறவர்கள்

இத்தனைக்கும் அவிழ்க்கும் பாடம் நம் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கடிபட்ட காலுக்கு மேலே கயிறோ, துண்டோ, கிழிந்த புடவையோ இறுகக் கட்டிக்கொண்டு வரும் பாம்புக்கடி நோயாளியை எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பார்க்கலாம். கட்டவே கூடாது என்று எத்தனை சொன்னாலும் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். அதைக் கண்டதும் கத்தரியால் நறுக்கென்று வெட்டிவிடக் கூடாது என்பது இந்தியப் பாம்புக்கடி வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. தேங்கி நின்ற விஷம் ஒரே மூச்சில் ஏறி, மூச்சுத் திணறலும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம். மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும், விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கொடுக்கும் பையும் தயாராக இருக்க வேண்டும், கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடி இல்லையென்றால் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேலே சுற்றி ஊதி, கயிற்றை எடுத்துவிட்டு, காற்றை மெதுவாக இறக்க வேண்டும்.

மேலே சொன்ன போர்க்களத்துக் கணக்கேதான் இது. சரக்கு மட்டும் வேறு: அங்கே பொட்டாசியம், இங்கே விஷம். கட்டியவர் மருத்துவரல்லர், நேரம் தெரியாது, அவிழ்க்கும் நொடியில்தான் ஆபத்து. கண்ணாடி விரியன் கடித்தவரின் கயிற்றைப் பக்குவமாக அவிழ்க்கத் தெரிந்த தர்மபுரி, விழுப்புரம் மருத்துவருக்கு முக்கால்வாசிப் பாடம் கையிலேயே இருக்கிறது. அவரிடமிருந்து தொடங்காமல், வெளிநாட்டுக் கையேட்டை மொழிபெயர்த்துத் தொடங்குவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஆட்டுத்தொடைப் பயிற்சி

செலவு அதிகமில்லாமல் இதைச் சொல்லித்தர ஓர் வழி உண்டு. கசாப்புக்கடையில் எலும்போடு ஒரு முழு ஆட்டுத்தொடை வாங்க வேண்டும். டிரிப்ஸ் குழாயைச் சதைக்குள் எலும்பை ஒட்டிச் செலுத்தி, நுனியை ஆழமான ஒரு வெட்டுக்குள் விட வேண்டும். சிவப்புச் சாயம் கலந்த 1 லிட்டர் சலைனை அழுத்தப் பையில் (ரத்த அழுத்தப் பட்டை போலக் காற்று ஊதும் பை) வைத்து 200 மி.மீ. அழுத்தத்துக்கு ஊதிவிட்டால், வெட்டிலிருந்து பீய்ச்சி அடிக்கும். டூர்னிகே எலும்புக்கு எதிராகக் குழாயை நெரித்தால் நிற்கும். தொடையின் சதைப்பற்று போதாவிட்டால் அதைச் சுற்றி யோகா பாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளலாம். பயிற்சிக்குத் தனி டூர்னிகே வைத்துக்கொள்ள வேண்டும் (நீல நிறத்தில் அதற்கென்றே வருகிறது). பலமுறை இறுக்கியதைக் களப் பைக்குள் திரும்பப் போட்டால் தேவைப்படும் நாளில் குச்சி முறியும்.

முதல் சுற்றில் கட்டச் சொல்ல வேண்டும், அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்து, துணி திணித்து, 3 நிமிடம் அழுத்தி, அவிழ்க்கச் சொல்ல வேண்டும். முதல் முறை பெரும்பாலும் தோற்கும். துணி ரத்தக்குழாய் வரை போயிருக்காது, அல்லது மூன்று நிமிடம் என்று நினைத்து ஒன்றரை நிமிடத்தில் எடுத்திருப்பார்கள். மூன்றாவது சுற்றில் அவிழ்த்து ரத்தம் நின்றபின், சொல்லாமல் கொள்ளாமல் அழுத்தப் பையை 300க்கு ஏற்ற வேண்டும். தளர்ந்த டூர்னிகேவைக் கழற்றி மேசைமேல் வைத்தவர் யார், அங்கேயே விட்டுவைத்தவர் யார் என்று அப்போது தெரியும்.

நான்காவது சுற்றுக்கு ஆட்டுத்தொடை வேண்டாம். ஈசிஜி சிமுலேட்டரோ, அதுவும் இல்லாவிட்டால் காகிதத்தில் வரைந்த நான்கு ஈசிஜிகளோ போதும். 7 மணி நேரம் ஆன கால். அவிழ்ப்பதற்கு முன் மேசைமேல் என்னென்ன எடுத்துவைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். பெரிய ஊசி இரண்டு, மானிட்டர், ரத்தம், அறுவை மருத்துவருக்குப் போன். 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 30 மி.லி. சிரிஞ்சில் ஏற்றி வைத்திருக்க வேண்டும், ஆம்பூலாகப் பெட்டியில் இருந்தால் போதாது. அது சில நிமிடங்களில் இதயத்தைக் காக்கும், ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்காது. குறைக்க 10 யூனிட் இன்சுலினும் 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸும், நம் ஊரில் என்றால் 25 சதவீதப் பாட்டில் 100 மி.லி. கூடவே சால்புட்டமால் நெபுலைசர், 10 மி.கி.க்குக் குறையாமல். வீசிங் நோயாளிக்கு வைக்கும் 2.5 மி.கி.யை வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய.

இந்தச் சுற்றில் நர்ஸ்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பத்து மணி நேரம் ஒரு நோயாளியைப் பதுங்குகுழியில் வைத்துப் பார்ப்பது என்பது பெரும்பாலும் நர்ஸின் வேலை: சிறுநீர்ப் பையை மணிக்கொரு தரம் அளப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, கம்பளி சுற்றிக் குளிரவிடாமல் காப்பது, கட்டு நனைகிறதா என்று கைவிட்டுப் பார்ப்பது. குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறையாது என்று மருத்துவருக்குத் தெரியும். ஈரத்துணியை முதலில் கழற்ற வேண்டும் என்று நர்ஸுக்குத் தோன்றும்.

கடைசியாக, தேர்வு. பயிற்சி பெறுபவரின் கைக்கு ஒரு நோயாளியை ஒப்படைக்க வேண்டும். கொண்டுவருபவர் எல்லாம் சொல்வார்: எப்படி அடிபட்டது, என்னென்ன காயம், நாடி, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து. தொடையில் துணிக்கு மேல் ஒரு டூர்னிகே இருக்கும். அதில் நேரம் எழுதியிருக்காது. கொண்டுவந்தவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. தேர்வாளர் கையில் கடிகாரத்தோடு ஓரமாக நின்று, எத்தனையாவது நிமிடத்தில் மருத்துவர் அதை கேட்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.